முப்பத்தாறு வயதில் பரீட்சை எழுதினால் குற்றமா?

கோவைக்குக் கிழக்கே ஒரு நூற்பாலை. அங்கே ரிங் பிரேமில் சைடராக நிற்கும் ஒரு தோழருக்கு வயது 36. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். இருபது வருஷமாகப் பஞ்சுத் தூசியைச் சுவாசித்து வருகிறவர். அவர் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதினார். முழு நைட்டு ஷிப்ட் முடித்து, தலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டு, பத்து மணிப் பரீட்சைக்குப் போய் உட்கார்ந்தார். பக்கத்துப் பெஞ்சில் தன் மகன் வயதுப் பையன். சமூக அறிவியல் தாளில் பாதி எழுதியதும் கண் சொக்கி, தலை மேஜையில் சாய்ந்துவிட்டது. மேற்பார்வைக்கு வந்த ஆசிரியர் மேஜையைத் தட்டி எழுப்பினார். அந்த ஆசிரியருக்கு நம் வணக்கம். எழுப்பாமல் விட்டிருந்தால் அந்தத் தாளும் போயிருக்கும்.

மறுநாள் ஆலையில் மேஸ்திரி கேட்டாராம்: "ஏப்பா, உம் பையன் எழுத வேண்டிய பரீட்சையை நீ எழுதிக்கிட்டுத் திரியறயே, வெக்கமா இல்லையா?"

மேஸ்திரி அப்படிக் கேட்டதில் நமக்கு ஆச்சரியமில்லை. மேஸ்திரி மேஸ்திரியாகத்தான் பேசுவார். நம்மைச் சுட்டது வேறொரு பேச்சு. சங்க ஆபீசில், நம்முடைய பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, நம்மில் ஒருவரே சொன்னார்: "அவன் கிளார்க் ஆகப் பாக்கறான். இனி கொடி பிடிக்க வரமாட்டான். விட்டுத் தள்ளுங்க."

இந்த இரண்டு பேச்சுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். இன்னொரு கூட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மேடைக்கு மேடை ஏறி, "படியுங்கள், முன்னேறுங்கள், வறுமை ஓடிவிடும்" என்று உபதேசம் செய்கிற கனவான்களின் கூட்டம் அது.

முதலில் நம்முடைய ஆளிடம் பேசுவோம்.

தோழரே, அந்த சைடர் எதற்காகப் பரீட்சை எழுதுகிறார் என்று அவரைக் கேட்டீர்களா? நாம் கேட்டோம். "நாற்பத்தஞ்சுல என்னை இந்த மில்லு வெச்சிருக்குமா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். வைத்திருக்காது என்பது உமக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஆட்டோகோனர் வந்த இடத்தில் எத்தனை கோன் வைண்டிங் தொழிலாளிகள் வீட்டுக்குப் போனார்கள் என்று எண்ணிப் பாரும். நிரந்தரத் தொழிலாளி ஓய்வு பெற்ற இடத்தில் பதிலியும், பதிலி இருந்த இடத்தில் வெளிமாநிலத்திலிருந்து ஏஜெண்ட் கூட்டிவந்த காண்டிராக்ட் பையனும் நிற்கிறார்கள். தனியார் ஆலை மட்டுமா? சர்க்காருடைய தேசிய பஞ்சாலைக் கழகத்தின் ஆலைகள் 2020 மார்ச்சில் ஊரடங்கைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டன. தமிழ்நாட்டில் மட்டும் 7 ஆலைகள். அதில் 5 கோவையிலேயே இருந்தவை. ஊரடங்கு போனது, ஆலைச் சங்கு ஊதவில்லை. முழுச் சம்பளம் இல்லாமல் வருஷக் கணக்கில் கேட் வாசலில் நின்றவர்களில் நம் சங்கத்துக்காரர்களும் உண்டு. ஐம்பது வயதில் கேட்டுக்கு வெளியே வந்தவர் வாட்ச்மேன் வேலை கேட்டுப் போனால், "பத்தாவது சர்ட்டிபிகேட் இருக்கா?" என்கிறான்.

கேட்டைத் திறந்து வைத்து ராத்திரி முழுக்க விழித்திருப்பதற்கு அல்ஜீப்ரா எதற்கு என்று நமக்குத் தெரியவில்லை. ஆனால் கேட்கிறான்.

ஆகவே இந்த சைடர் ஓடுகிறவர் அல்ல. துரத்தப்படப் போகிறோம் என்று தெரிந்து, முன்கூட்டியே கதவைத் தேடுகிறவர். அவரைப் பார்த்துச் சிரிப்பது தொழிலாளியின் குணமாகாது. கைநாட்டு வைத்தவனின் பேரன் கையெழுத்துப் போடும் வரைக்கும் வந்தது யாருடைய போராட்டத்தால்? ராத்திரிப் பள்ளிக்கூடம் நடத்தியதும், அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் சம்பளச் சீட்டைப் படிக்கக் கற்றுக்கொடுத்ததும் சங்கங்கள் செய்த வேலைதானே? சம்பளச் சீட்டு வரை படித்தால் தோழர், அதற்கு மேல் ஒரு வகுப்புப் படித்தால் துரோகியா? நாமும் எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவர்கள்தான். கணக்கில் ஒரு தரம் கவிழ்ந்து, மறு தரம் எழுந்தவர்கள்தான். அந்தக் காகிதம் நம் கொடியைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விடவில்லை.

உம்முடைய பயத்தில் ஒரு துளி நியாயம் உண்டு. அதையும் மறைக்கப் போவதில்லை. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்ததும் பழைய ஷெட்டைத் திரும்பிப் பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பரீட்சையா காரணம்? பரீட்சை எழுதும்போது நாம் அவர் பக்கத்தில் நின்றோமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நின்றிருந்தால் அவர் நம்மை மறப்பாரா?

இனி உபதேசிகளிடம் வருவோம்.

"யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எந்த வயதிலும் படிக்கலாம், கதவு திறந்தே இருக்கிறது" என்கிறீர்கள். பேஷ்! திறந்த கதவின் வழியாக நாமும் ஒரு தரம் நடந்து பார்க்கிறோம்.

தனித்தேர்வராகப் பத்தாவது எழுத வேண்டுமென்றால் பணம் கட்டி, ஹால் டிக்கெட் வாங்கி, போய் உட்கார்ந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. அறிவியல் பாடத்தில் 100 மார்க்கில் 25 செய்முறைக்கு. அந்தச் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். ஒதுக்கப்பட்ட பள்ளிக்கூடத்தில் வகுப்புக்குப் போக வேண்டும். நூற்றுக்கு 80 வீதம் ஆஜர் இருக்க வேண்டும். விஞ்ஞானத்தைக் கையால் தொட்டுப் படிக்க வேண்டும் என்பது சரிதான், நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் வாரா வாரம் ஷிப்ட் மாறுகிற மனிதன் 80 சதவிகித ஆஜரை எங்கிருந்து கொண்டுவருவான்? நம் சைடர் அந்த வகுப்புக்காகச் சம்பளம் இல்லாத லீவு போட்டார். ஒவ்வொரு வகுப்பும் அவருக்கு ஒரு நாள் கூலி. அமிலமா, காரமா என்று லிட்மஸ் தாளைத் தொட்டுப் பார்க்க இந்த நாட்டில் ஒரு தொழிலாளி கொடுக்கிற விலை இது.

கீழத் தஞ்சைக்குப் போவோம். அங்கே ஆலை இல்லை, ஷிப்ட் இல்லை. விவசாயத் தொழிலாளிக்கு என்ன தடை? காலண்டரைப் பாருங்கள். பத்தாவது பொதுப் பரீட்சை மார்ச்சு, ஏப்ரலில். சம்பா அறுத்த வயலில் உளுந்தும் பயறும் முற்றி, வெயிலில் வெடிப்பதற்குள் பறித்தாக வேண்டிய காலம் அது. சரி, துணைத் தேர்வு எழுதலாம் என்றால் அது ஜூன், ஜூலையில். மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்தால் குறுவை நடவு நடக்கிற காலம். வருஷத்தில் வேலை கிடைக்கிற நாட்களே சொற்பம். அந்த நாட்களாகப் பார்த்துப் பரீட்சை. வேலை இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற மாதங்களில் பரீட்சை இல்லை! சர்க்கார் ஆபீசில் காலண்டர் போடுகிறவர் நாற்றைக் கண்டதில்லை போலும்.

நடவுக்குப் போகிற ஒரு தங்கை, முப்பது வயது, இரண்டு குழந்தைகள், நம்மிடம் கேட்டாள்: "நடவ விட்டுட்டு பரீச்சைக்குப் போனா, அடுத்த நடவுக்கு என்னையக் கூப்புடுவாங்களா தோழர்?" கூப்பிட மாட்டார்கள் என்று அவளுக்கே தெரியும். கேள்வியாகக் கேட்டாளே தவிர, அது கேள்வி அல்ல. அந்த வருஷம் பணம் கட்டியும் அவள் பரீட்சைக்குப் போகவில்லை.

காகிதம் ஒன்று எப்படி ஏழையின் குறுக்கே நிற்கிறது என்பதற்கு லைசென்ஸ் கதையைச் சொல்ல வேண்டும். டிராக்டர் ஓட்டிப் பழகிய கிராமத்து வாலிபன் லாரி, பஸ் ஓட்ட வேண்டுமானால் எட்டாவது பாஸ் சர்ட்டிபிகேட் காட்ட வேண்டும் என்று மோட்டார் வாகன விதி இருந்தது. ஸ்டீரிங் பிடிக்கத் தெரிந்த கை, எட்டாவது பரீட்சைக்காகப் பேனா பிடித்துத் திணறியது. கள்ளச் சர்ட்டிபிகேட் விற்றவன் பிழைத்தான். 2019-ல் அந்த விதியை மத்திய சர்க்காரே எடுத்துவிட்டது. அத்தனை காலம் அந்த விதியால் கிளீனராகவே தேய்ந்துபோனவர்களுக்கு யார் பதில் சொல்வது?

ஆக, பரீட்சை என்றால் எல்லாம் புனிதம் என்று நாம் சொல்லவில்லை. வேலைக்குத் தேவையில்லாத பரீட்சையைத் தூக்கி எறிய வேண்டும். தேவையான பரீட்சை என்றால், அதை எழுத நேரமும் வசதியும் தர வேண்டும். இரண்டையும் செய்யாமல் "படி, படி" என்பது, கிணற்றைப் பூட்டிச் சாவியை மடியில் வைத்துக்கொண்டு "தண்ணி குடி" என்பதைப் போல.

கதவுக்குள்ளே இன்னொரு கதவு

சரி, நம் சைடர் எல்லாத் தாளிலும் தேறிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது அவருக்கு வயது 37. பத்தாவது பாஸ் போதும் என்கிற சர்க்கார் வேலைப் பரீட்சை குரூப் நான்கு. 2024 அறிவிப்பின்படி இளநிலை உதவியாளர் போன்ற வேலைகளுக்குப் பிற்பட்ட வகுப்பினருக்கு வயது உச்சவரம்பு 34. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 37. பிற்பட்ட வகுப்பைச் சேர்ந்த நம் தோழருக்கு அந்தக் கதவு மூடியாகிவிட்டது. மிச்சம் இருப்பது கிராம நிர்வாக அலுவலர் வேலை; அதற்கு 42 வரை இடமுண்டு. ஆகா, இன்னும் ஐந்து வருஷம் இருக்கிறதே என்று சந்தோஷப்படாதீர்கள். அந்த அறிவிப்பில் இருந்த 6,244 இடங்களில் கிராம நிர்வாக அலுவலருக்கு 108 இடம்.

அந்த வருஷம் மனுப் போட்டவர்கள் 20 லட்சத்துக்கு மேல். அவர்களில் பட்டதாரிகள் உண்டு, இன்ஜினீயர்கள் உண்டு. பின்னால் இடங்களைக் கூட்டினார்கள். கூட்டியும் பத்தாயிரத்தைத் தொடவில்லை. ஓர் இடத்துக்கு இருநூறு பேருக்கு மேல் என்று ஆகிறது. இருநூறு பேரும் இரவு பகலாகப் படித்தாலும், எல்லோரும் முந்நூறுக்கு முந்நூறு வாங்கினாலும், வேலை ஒருவருக்குத்தான். மீதி நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேரைப் பார்த்து "நீ சோம்பேறி, நீ முயற்சி பண்ணவில்லை" என்று சொல்ல எந்த உபதேசிக்கு வாய் வரும்? வருகிறது, அதைத்தான் தினமும் கேட்கிறோம். கூலித் தொழிலாளி ஒருவர் பாஸ் செய்தால் படத்தோடு செய்தி போடுகிறார்கள். நாமும் மகிழ்கிறோம், அவர் கையைக் குலுக்குகிறோம். ஆனால் அந்தப் படத்தைக் காட்டி மற்ற அத்தனை பேர் தலையிலும் பழியைப் போடுகிறார்களே, அதைத்தான் ஒப்ப முடியாது. கோச்சிங் சென்டர்காரன் அதே படத்தைத் தட்டியில் மாட்டி, பஞ்சப்படி நிலுவையாக வந்த காசை வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறான்.

தமிழில் படித்தவர்களுக்கு சர்க்கார் வேலையில் 20 சதவிகிதம் முன்னுரிமை என்று 2010-ல் சட்டம் வந்தது. நல்ல சட்டம். 2020-ல் அதைத் திருத்தி, ஆரம்ப வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்றார்கள். எங்கோ இங்கிலீஷ் கான்வென்ட்டில் படித்துவிட்டு, கடைசிப் பட்டத்தை மட்டும் தமிழில் வாங்கி உள்ளே நுழைகிறவர்களைத் தடுப்பதற்கு என்றால் அதுவும் சரி. ஆனால் பள்ளிக்கூடத்தில் சேராமல் தனித்தேர்வராக எழுதியவருக்கு இந்த முன்னுரிமை கிடையாது என்று தேர்வாணையத்தின் விதி சொல்கிறது. வேடிக்கையைப் பாருங்கள்! தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாத மில் தொழிலாளி, தமிழ்ப் புத்தகத்தைத் தானே படித்து, தமிழிலேயே பரீட்சை எழுதித் தேறினார். அவர் தமிழில் படித்தவர் இல்லையாம்! பின்னே, ரிங் பிரேம் பாஷையிலா படித்தார்?

இதைவிடக் கொடுமை திறந்தவெளிப் பட்டக்காரர்களுக்கு நேர்ந்தது. 18 வயது ஆனால் போதும், பத்தாவது, பன்னிரண்டாவது இல்லாமலே நேராக பி.ஏ. படிக்கலாம் என்று பல்கலைக்கழகங்களே விளம்பரம் செய்தன. வேலை பார்த்துக்கொண்டே எத்தனையோ தொழிலாளிகள் பணம் கட்டிப் படித்தார்கள். பட்டம் வாங்கினார்கள், கண்ணாடி போட்டு வீட்டுச் சுவரில் மாட்டினார்கள். 2009-ல் உச்ச நீதிமன்றம் அந்த மாதிரிப் பட்டம் செல்லாது என்றது. அதே வருஷம் ஆகஸ்டில், பத்தாவது, பன்னிரண்டாவது, அதன் பிறகு பட்டம் என்ற வரிசையில் படித்தால்தான் சர்க்கார் வேலைக்குச் செல்லும் என்று தமிழ்நாடு சர்க்கார் 107-ஆம் நம்பர் அரசாணை போட்டது. விதியை மாற்ற சர்க்காருக்கு அதிகாரம் இருக்கலாம். ஆனால் கட்டிய பணத்தையும், தூங்காத இரவுகளையும் யார் திருப்பிக் கொடுத்தார்கள்? விற்றவனைக் கேட்கவில்லை, வாங்கியவன் ஏமாளி என்று கைகழுவிவிட்டார்கள்.

புதிதாகப் படிக்கக் கிளம்புகிற தோழர்களுக்கு இதனால் ஒரு வார்த்தை. எந்தப் படிப்பில் சேர்ந்தாலும், "இது எந்த வேலைக்குச் செல்லும், எந்த அரசாணைப்படி செல்லும்" என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். வரிசை முக்கியம்: பத்தாவதைத் தாண்டாமல் மேலே போகாதீர்கள். கைத்தொழில் தெரிந்தவர்கள் ஐ.டி.ஐ. வழியையும் விசாரியுங்கள். தொழிலில் மூன்று வருஷ அனுபவத்தைக் காட்டி, தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுத வழி உண்டு. மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்த பிட்டருக்கும் வெல்டருக்கும் அந்தக் காகிதம் குரூப் நான்கைவிடச் சீக்கிரம் சோறு போடலாம்.

நேரம் யாருடையது?

நாம் ஆரம்பத்திலிருந்து சுற்றிச் சுற்றி வருவது ஒரே இடத்துக்குத்தான். புத்தகம் கடனாகக் கிடைக்கும். குரூப் நான்குக்குப் பரீட்சைக் கட்டணம் 100 ரூபாய், அதையும் புரட்டலாம். நேரத்தை எங்கே புரட்டுவது?

2023 ஏப்ரல் 21-ல் சட்டசபையில் ஒரு மசோதாவை நிறைவேற்றினார்கள், ஞாபகமிருக்கிறதா? பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறந்த மசோதா. எட்டு மணி நேரமே மனிதனைச் சக்கையாக்குகிறது; அதோடு நாலைக் கூட்டினால் புத்தகத்தைத் திறப்பது யார்? தொழிற்சங்கங்கள் பல கொடிகளோடு, ஒரே குரலில் எதிர்த்தன. மே 1-ஆம் தேதி அதை வாபஸ் வாங்குவதாக முதல்வர் அறிவிக்க வேண்டி வந்தது. அன்றைக்குப் பரீட்சை என்ற வார்த்தையை யாரும் உச்சரிக்கவில்லை. ஆனால் நம் சைடருக்குப் படிக்கிற நேரத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது எந்த உபதேசியும் அல்ல, அந்த எதிர்ப்புதான். அவரை "விட்டுத் தள்ளு" என்ற தோழர் அந்த ஆர்ப்பாட்டத்தில் முன்வரிசையில் நின்றவர் என்பதையும் சொல்லிவிடுகிறோம். அவர் தாம் வாங்கிக் கொடுத்த பொருள் இன்னதென்று அறியாமல் பேசுகிறார்.

லீவு கதைக்கு வருவோம். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் 20 நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தோடு லீவு என்றது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பிலும் அதே இருபதுக்கு ஒன்றுதான். பரீட்சைக்கென்று ஒரு நாள்? இரண்டிலும் இல்லை. தொழிலாளிக்குச் சம்பளத்தோடு கல்வி விடுப்பு வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1974-லேயே ஓர் உடன்படிக்கை செய்தது. அதன் நம்பர் 140. இந்திய சர்க்கார் அதை ஏற்று உறுதி செய்யவில்லை. "படித்து முன்னேறுங்கள்" என்று செங்கோட்டையிலிருந்து கோட்டை வரை பேசுகிறவர்களிடம் இந்த நம்பரைச் சொல்லிப் பாருங்கள்.

பெண்கள் விடுதி வைத்திருக்கும் நூற்பாலைகள் இருக்கின்றனவே, அங்கே நடப்பது தனிக் கூத்து. "வேலை செய்துகொண்டே படிக்கலாம்" என்று கிராமத்தில் ஆள் பிடிக்கிறார்கள். பதினெட்டு வயதுப் பெண்ணை ஓவர்டைம் வாங்கிய பிறகு, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு வகுப்பில் உட்கார வைப்பதற்குப் பெயர் கல்வியா? அவள் அங்கே கற்றுக்கொள்வது உட்கார்ந்துகொண்டே தூங்குவது எப்படி என்பதைத்தான். படிப்பு என்று சொல்லிக் கூட்டி வந்தால், படிப்பு நேரத்தை வேலை நேரத்திலிருந்து கழிக்க வேண்டும்.

ஆகவே சங்கக் கிளைகள் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் போனசுக்கும் பஞ்சப்படிக்கும் கீழே இவற்றையும் எழுத வேண்டும் என்று கேட்கிறோம். பரீட்சை எழுதும் தொழிலாளிக்குப் பரீட்சை நாட்களில் சம்பளத்தோடு லீவு. அதற்கு முந்தின வாரம் நைட்டு ஷிப்ட் போடக் கூடாது. செய்முறை வகுப்புகளை ஞாயிற்றுக்கிழமையிலும் நடத்த வேண்டும். தனித்தேர்வருக்கும் தமிழ் வழி முன்னுரிமை. ஆலை மூடியதால் வேலை இழந்தவருக்கு வயது வரம்பில் சலுகை. டெல்டா ஜில்லாக்களில் நடவும் அறுப்பும் இல்லாத மாதத்தில் ஒரு துணைத் தேர்வு. இதில் எதற்கும் கோடிகள் வேண்டாம். இவை கிடைத்தாலும் இருபது லட்சம் பேருக்கு வேலை வந்துவிடாது. அது இடங்களைப் பெருக்குகிற போராட்டம், காலியிடங்களை நிரப்பு என்கிற போராட்டம், அது வேறு பெரிய சண்டை. அந்தச் சண்டையைக் காட்டி இதைத் தள்ளிப் போட வேண்டாம் என்றுதான் சொல்கிறோம்.

சங்க ஆபீசின் பின் அறையில் பழைய பேனர்களை ஒதுக்கி வைத்து, ஒரு மேஜையும் டியூப் லைட்டும் போட்டிருக்கிறோம். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து கணக்குச் சொல்லித் தருகிறார். டீயைத் தவிர எதுவும் வாங்குவதில்லை. ஒன்பது பேர் வருகிறார்கள், அதில் மூன்று பேர் பெண்கள். "விட்டுத் தள்ளுங்க" என்ற தோழர் போன வாரம் வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு உள்ளே வந்து, லாபம் நஷ்டம் கணக்கை இங்கே எப்படிப் போடுகிறீர்கள் என்று விசாரித்தார். நம் சைடர் நான்கு தாளில் தேறிவிட்டார். தூங்கி எழுந்து எழுதிய சமூக அறிவியலும் அதில் சேர்த்தி. கணக்கு மட்டும் பாக்கி. அடுத்த துணைத் தேர்வுக்குப் பணம் கட்டியிருக்கிறார். அந்த வாரம் அவருக்கு முழு நைட்டு போடக் கூடாது என்று நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். இதை எழுதும் வரை பதில் வரவில்லை.